உள்தோல்

பழைய பையைப் புதுப்பையாக்கி விற்கிறாள் ஸுஹைறா என்ற கதை கிளம்பியபோது எங்கள் மருதமுனையில் பலருக்குச் சிரிப்புத்தான் வந்தது. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் மௌத்தாகிற ஊர். சாரன் நெய்தால் தொழில், சாரி நெய்தால் தொழில். எவளோ ஒரு வெள்ளைக்காரி தோளில் தொங்கவிட்டுத் தேய்த்து எறிந்த பையைத் துடைத்துத் தைப்பதும் ஒரு தொழிலா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட பெண்களில் பாதிப்பேர் இன்று அவளிடம் வாங்கிய பையை மாட்டிக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள். அதை எடுத்துச் சொன்னால் கோபம் வரும், சொல்ல மாட்டேன்.

கொழும்பிலிருந்து பொதியாக வரும். கட்டை அவிழ்த்ததும் முன் அறை முழுக்க அந்நியப் பெண்களின் வாசம் கிளம்பும். முகப்பவுடர், பழைய சென்ட், ஏதோ ஒரு ஊரின் மழைப் பூஞ்சணம். பைகளின் அடியில் வாசிக்கத் தெரியாத பாஷையில் பஸ் டிக்கெட்டுகள் கிடக்கும், ஒருமுறை ஒற்றைத் தோடும் கிடந்தது. ஸுஹைறா யன்னலோரம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்காருவாள். சவர்க்கார நுரையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தோலின் அழுக்கை வட்டம் வட்டமாக எடுப்பாள். அறுந்த கைபிடியை இரண்டு ஊசி கோத்த மெழுகு நூலால் எதிரும் புதிருமாகத் தைப்பாள். ஓரங்களை உரசுதாளால் மழித்து, கடற்பஞ்சில் சாயம் தொட்டு ஒற்றுவாள். பிறகு நிழலில் காய வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியே வைத்தால் தீர்ந்தது, அந்தச் சூட்டுக் காற்று தோலை வயல் வெடிப்பது போல வெடிக்க வைத்துவிடும்.

அவளுடைய கெட்டித்தனம் வேறிடத்தில் இருந்தது. பைக்குள்ளே கிழிந்து தொங்கும் பழைய உள்துணியை உருவி எறிந்துவிட்டு, கைத்தறித் துணியில் புதிதாக உள்ளுறை வைப்பாள். கணவன் முபீன் தறியில் வேலை, வெட்டுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. காரைதீவு ரீச்சர்மார் பையைத் திறந்ததும் உள்ளே மருதமுனைச் சாரியின் கட்டங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள். தறியில் கூலி குறைந்துபோன இந்த வருடங்களில் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எந்தத் தோல் என்று பார்க்காமல் அவள் ஒரு பையையும் தொடமாட்டாள். அந்தப் பிராணியின் பெயரை எங்கள் வீடுகளில் வாயால் எடுப்பதில்லை, அதனால் நானும் எடுக்கவில்லை. அதன் தோலில் மயிர்த் துளைகள் மும்மூன்றாக முக்கோணம் போலக் கூடியிருக்கும் என்பதைப் போனில் பார்த்துக் கற்றிருந்தாள். பொதி வந்ததும் நீண்ட தடியொன்றால் ஒவ்வொரு பையாகப் புரட்டிப் புரட்டி, தோலை உற்றுப் பார்த்து, சந்தேகமானவற்றைத் தடியாலேயே தள்ளி ஒரு சாக்கில் விழுத்திக் கொழும்புக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். இதற்காகவே அவளிடம் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். ஸுஹைறா பார்த்தால் அது பார்த்ததுதான் என்று பேர்.

அவளுடைய உம்மா சபியா உம்மா மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்பட்டபோது நடந்ததுதான் இந்தக் கதை.

வாப்பா ஸைனுலாப்தீன் மக்கா மக்கா என்றே இருந்த மனிதர். பாஸ்போட் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு, அந்த வருடமே தறிக் குழிக்குள் கால் இறக்கியபடி மௌத்தாகிப் போனார். அன்றிலிருந்து சபியா உம்மாவுக்கு ஒரே எண்ணம். தனக்கு ஒரு உம்றா, அது முடிந்ததும் அவருக்காக இன்னொன்று. தன்னுடையதை முடிக்காமல் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது என்பது மார்க்கம். முழங்கால் இரண்டும் தேய்ந்த மனுஷி, இரண்டு தரம் சுற்றுவதற்கு மட்டும் இந்தக் கால்களை வைத்துத் தா யா அல்லாஹ் என்று ஐந்து நேரமும் கேட்டாள்.

பாஸ்போட்டும் காசும் வைக்க நைலோன் பெல்ட்டுப் பை கட்டினால் வேர்வையில் இடுப்புத் தோல் புண்ணாகும் என்று உம்மா ஒருநாள் முனகினாள். கேட்டதும் ஸுஹைறாவுக்கு பொதியொன்றில் வந்திருந்த ஒரு பெரிய நாவல்நிறப் பை ஞாபகம் வந்தது. விலையுயர்ந்த சாமான். வெளியே கெட்டியான மாட்டுத் தோல், அதை நன்றாகப் பார்த்திருந்தாள். உள்ளே துணிக்குப் பதிலாக மெல்லிய தோலிலேயே உள்ளுறை, குழந்தையின் காதுமடல் போல அப்படியொரு மென்மை. வழக்கம்போல அதை உருவிவிட்டுக் கைத்தறி வைத்தாள், ஆனால் எறிய மனம் வரவில்லை. அதில் பாதியை வெட்டி உம்மாவுக்கு இடுப்புப் பை தைத்தாள். ஓரமெல்லாம் மடித்து, உறுத்தாமல் தையலை உள்பக்கம் வாங்கி, இரண்டு அறை வைத்து. உம்மா அதைக் கட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பில் இருப்பதே தெரியவில்லை என்று மூத்த மகள் ஆகிலாவின் வீட்டுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

போய் இறங்கிவிட்டோம், உங்கள் உம்மா நல்ல சுகம் என்று செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி வந்தது. உம்மாவுடன் ஒரே அறையில் தங்கும் நிந்தவூர் ஜெனூபா அனுப்பியது. உம்மாவின் போன் அங்கே வேலை செய்யவில்லை.

வியாழக்கிழமை பகல். சோறு வடித்தாயிற்று, கீரிமீன் ஆணம் அடுப்பில் கொதிக்கிறது. முபீன் சாப்பிட வருவதற்குள் ஒரு சின்ன வேலை பார்க்கலாமென்று மிச்சமிருந்த பாதித் தோலை எடுத்தாள். அதுவும் நல்ல துண்டு, ஒரு சின்னப் பேர்ஸுக்கு வரும். உம்மாவின் பைக்கு அழுக்கில்லாத பாதியை எடுத்திருந்தாள். இது யாரோ ஒருத்தியின் மை கொட்டிய பாதி. நுரை போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். நுரை போய்விட்டதா என்று பார்க்க இரண்டு கையாலும் விரித்து யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

வெளிச்சம் தோலைக் கடந்து வந்தது. ஊசிமுனைப் பொட்டுக்களாக வந்தது. மூன்று. பக்கத்தில் மூன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று. துண்டு முழுக்க, ஓரம் வரைக்கும், மும்மூன்றாக.

தோலிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வடிந்து உடுப்பை நனைப்பது தெரிந்தது. தெரிந்தும் கையைக் கீழே இறக்க முடியவில்லை. உள்ளே இருப்பது துணிதானே, துணியை யார் பார்ப்பார்கள் என்ற பழக்கத்தில் வெளித்தோலை மட்டும் பார்த்துப் பார்த்துப் பேர் வாங்கியவள். ஆணம் அடிப்பிடித்து மணக்கும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

அந்தக் கோலத்தில்தான் முபீன் வந்து கண்டான்.

"இஞ்சருங்க, இதப் பாருங்க. தொடாதீங்க. தொடாமப் பாருங்க."

அவன் சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். ஆட்டுத் தோலாக இருக்கும் என்றான். ஆட்டுத் தோல் இப்படி இருக்காது என்றாள். அவன் இன்னும் கிட்ட வந்து பார்த்தான். நூல் எண்ணிப் பழகிய கண், அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி மூன்று தரம் துப்பினான்.

"சரி, எறி. எறிஞ்சிட்டுக் கைய மண் போட்டுக் கழுவு. தெரியாம நடந்ததுதானே."

"இதிர மத்தப் பாதி உம்மாட இடுப்பில இரிக்கி," என்றாள் ஸுஹைறா.

முபீன் தறிக்குத் திரும்பவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை.

இப்படியான நஜீஸ், பெரும் அசுத்தம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். அந்த அசுத்தத்தோடு செய்தால் தொழுகையும் கூடாது, உம்றாவும் கூடாது, செய்தும் செய்யாதது போலத்தான். முபீன் வளவு மூலையில் நல்ல மண்ணாக வெட்டி வாளியில் கரைத்துக் கொடுக்க, ஸுஹைறா கழுவத் தொடங்கினாள். கைகளை, பேசினை, பிரஷ்ஷை, கத்தரிக்கோலை, மெஷின் பலகையை, தரையை. ஈரக்கையால் எதையெல்லாம் தொட்டோம் என்று நினைக்க நினைக்கத் தொட்டவை கூடிக்கொண்டே போயின. தண்ணீர்க் குழாயைத் தொட்டிருந்தாள். கதவுக் கொளுக்கியை, உப்புப் போத்தலை, தொழுகைப் பாயை மடித்து வைத்ததை. கச்சான் காற்று சேற்றைக் கழுவ முதலே காய வைத்தது. சிமெந்துத் தரையெல்லாம் சிவப்புக் கோடு. நடுவில் நிறுத்தி அழுதாள், பிறகு இது எத்தனையாவது தரம் என்று மறந்து முதலிலிருந்து கழுவினாள்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண் தலையை நீட்டி, என்னகா வீடு முழுக்க மண் கரைக்கிறாய் என்று கேட்டாள்.

"நாய் பூந்திட்டு," என்றாள் ஸுஹைறா.

நாய்க்கும் அதே சட்டம்தான் என்பதால் பொய் பொருந்திப் போயிற்று. ஆனால் பொய்க்கும் கால் இருக்கிறதே. வெள்ளிக்கிழமை காலையில் ஒழுங்கை முடக்கில் படுத்துக் கிடந்த ஒரு வாயில்லாச் சீவனை நாலு பேர் கல்லெடுத்துக் கடற்கரை மட்டும் விரட்டினார்கள். ஸுஹைறாவின் வீட்டுக்குள் புகுந்தது இதுதானாம். அவள் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாள், வாய் திறக்கவில்லை.

வியாழன் பின்னேரமே ஆகிலாவுக்குச் சொல்லியாயிற்று. ஆகிலா ஸ்கூலில் கணக்குப் படிப்பிக்கிறவள், எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் பேசமாட்டாள். ஈரத் தரையில் கால் வைக்கத் தயங்கி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் குந்திவிட்டாள். உடனே உம்மாவுக்குச் சொல்ல வேண்டும், கழற்றச் சொல்ல வேண்டும் என்றாள் ஸுஹைறா.

"சொல்லி? உம்மாக்குப் பிரசர் இரிக்கி. அங்க விழுந்தா ஆரு தூக்கிற? செவ்வாக்கிழம இறங்கினவங்க, இறங்கின கையோட உம்றாவ முடிச்சிரிப்பாங்க. முடிஞ்சதச் சொல்லி என்னத்துக்கு? தெரியாமச் செஞ்சத அல்லாஹ் புடிக்க மாட்டான்."

"உம்மாக்குத் தெரியா. எனக்குத் தெரியுமே ராத்தா."

"நீ வாய மூடிக்க. அப்ப ஒருத்தருக்கும் தெரியா."

பள்ளி மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றான் முபீன். மௌலவி நல்லவர்தான், ஆனால் கேள்வி பள்ளிக்குள் போனால் அசறுத் தொழுகைக்குள் ஊருக்கு வந்துவிடும் என்றாள் ஆகிலா. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமா? ஸுஹைறாவின் பைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்தால் நாளைக்கு எவள் வந்து வாங்குவாள், வாங்கியவளெல்லாம் கொண்டுவந்து வாசலில் எறிய மாட்டாளா என்று கேட்டாள். முபீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உம்மா திரும்பி வரட்டும், மெதுவாகப் பார்த்துச் சொல்வோம் என்று மூன்று பேருமாக முடிவெடுத்தார்கள். முடிவு என்று சொல்வதைவிட, பேச்சு அங்கே நின்றுபோயிற்று என்பதுதான் சரி.

அந்த முடிவோடு ஸுஹைறா கிடந்த கிடையைச் சொல்ல வேண்டும். பிட்டு அவித்தால் தேங்காய்ப்பூப் போட மறந்தாள். ஜும்ஆ பயான் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டபோது தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று உடம்பு தூக்கிப் போட்டது. காரைதீவிலிருந்து வந்த ஒரு ரீச்சர் தான் சொல்லி வைத்த பையைக் கேட்டாள். ஸுஹைறா அதைக் கொடுக்காமல், அதன் உள்ளுறையைக் கீறித் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். தொழுகைப் பாயில் நின்றால் உம்மாவின் இடுப்புத்தான் கண்ணுக்குள் வந்தது. ஜெனூபாவுக்கு ஒரு செய்தி போடப் போனைக் கையில் எடுப்பாள், உம்மா எப்படி என்று எழுதுவாள், அனுப்பாமல் அழிப்பாள்.

சனிக்கிழமை பகல் ஆகிலா வந்திருந்தபோது ஜெனூபாவின் குரல்செய்தி ஒன்று வந்தது. முபீனும் வீட்டில் இருந்தான், மூன்று பேரும் கூடிக் கேட்டார்கள். உங்கள் உம்மாவுக்குக் கால் நல்ல வலி, ஆனாலும் பிடிவாதமாக நிற்கிறார். நாளைக்கு மக்காவின் எல்லையிலுள்ள தன்யீமுக்குப் போய், மனதில் நிய்யத் வைத்து வாப்பாவின் உம்றாவைச் செய்யப் போகிறார், எல்லோரையும் துஆச் செய்யட்டாம்.

வாப்பாவின் உம்றாவும் அந்தப் பையோடுதான் நடக்கப் போகிறது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. தன்னால் உம்மாவின் உம்றா என்ற அமல் ஒன்று பாழாகிப் போனது போகட்டும், வாப்பாவுடையதுக்கும் மண் விழப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று ஸுஹைறாவுக்குத் தோன்றிவிட்டது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. வட்ஸ்அப்பில் ஜெனூபாவுக்கு அழைப்பெடுத்து, உம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

உம்மாவின் குரல் தெளிவாக இருந்தது, பக்கத்தில் இருந்த ஆகிலாவுக்கும் முபீனுக்கும் கேட்டது. நாலைந்து நாள் பேசாத பேச்செல்லாம் கொட்டியது. கச்சான் இன்னும் வீசுகிறதா, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாயா, இங்கே சாப்பாடெல்லாம் நல்லதுதான், ஆனால் நம்முடைய மீன் ஆணம் போல வருமா என்றாள். கஃபாவைக் கண்டதும் கேட்க நினைத்த ஒன்றுமே வாயில் வரவில்லையாம், அழுகைதான் வந்ததாம். ஸுஹைறா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

"உம்மா, நான் தச்சித் தந்த பைய கழட்டுங்க. அது கூடாத தோலும்மா. வெளியால பாத்தன், உள்ளுக்குப் பாக்கல்ல. அந்தத் தோலும்மா அது."

அந்தப் பக்கம் துணி சரசரக்கும் சத்தம் கேட்டது, பெருமூச்சுக் கேட்டது, ஏதோ ஒன்று நிலத்தில் விழும் சத்தம் கேட்டது.

"கழட்டிட்டன்," என்றாள் சபியா உம்மா. "நீ அழாத மகள். தெரியாம நடந்ததுக்கு நீ என்ன செய்வாய். எனக்குச் சொகமா இரிக்கட்டும் எண்டுதானே தச்சாய்."

"உங்கட உம்றா உம்மா?"

"எங்களோட வந்த மௌலவி கீழ இரிக்காரு, கேப்பன். திருப்பிச் சுத்தச் சொன்னாச் சுத்துவன். இந்தக் கால் இன்னொருக்காத்தான் தாங்கும். வாப்பாக்கெண்டு வெச்ச கால்தான், என்ன செய்யிற. என்டது கூடாட்டி அவர்ரதும் கூடாது."

ஸுஹைறா வாயைப் பொத்திக்கொண்டாள். முபீன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றான். எதிர்பார்த்த இடி விழுந்து முடிந்தது, உம்மா தாங்கிக்கொண்டாள், தன்னையும் ஏசவில்லை. அந்த நிமிடத்தில் அவள் நெஞ்சில் ஒரு துளி ஆறுதல்கூட வந்தது. அப்போதுதான் உம்மா கேட்டாள்.

"நீ எப்ப கண்டாய் மகள்?"

ஆகிலா கையை ஆட்டினாள். இப்பதான் எண்டு சொல்லு என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். ஸுஹைறா அதைப் பார்த்தாள். நாய்க்கு விழுந்த கற்கள் கண்ணுக்குள் வந்தன. இன்னொரு பொய்யைத் தூக்க அவளிடம் பலமிருக்கவில்லை.

"வியாழக்கிழம, உம்மா."

செவ்வாய், புதன் என்று உம்மா வாய்க்குள் நாள் எண்ணுவது கேட்டது.

"வியாழக்கிழம நான் மதீனாவிலல்லா இருந்தன்," என்றாள் உம்மா.

கொழும்பில் விமானம் ஏறும் முன்பே பயணத்தை மாற்றியிருந்தார்கள். முதலில் மதீனா, பிறகு மக்கா. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பஸ்ஸில் மக்காவுக்கு வந்திருந்தார்கள். வந்து குளித்து, அதே பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தேய்ந்த முழங்கால்களால் தன்னுடைய உம்றாவை நேற்று இரவுதான் உம்மா செய்து முடித்திருந்தாள்.

"செவ்வாக்கிழமயே முடிஞ்சிட்டெண்டு நெனச்சம்மா," என்றாள் ஸுஹைறா.

"கேட்டியா?"

"இல்லம்மா."

"ஒரு சொல்லுக் கேட்டிருந்தா கழட்டி எறிஞ்சிட்டுப் போயிரிப்பன். என்டதும் கூடியிரிக்கும், அவர்ரதும் கூடியிரிக்கும்."

இந்தாகா உன்ட போன் என்று உம்மா ஜெனூபாவிடம் கொடுப்பது கேட்டது. என்ன நடந்தது, உங்கள் உம்மா ஏன் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று ஜெனூபா கேட்டாள். ஸுஹைறா அழைப்பை நிறுத்தினாள்.

ஆகிலா தங்கச்சியின் தோளைத் தொடக் கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"உம்மா அழுறாவா?"

"இல்ல ராத்தா," என்றாள் ஸுஹைறா. "அழல்ல."